காற்றாடி நின்ற மூன்று மணி நேரம்

பார்முவாத்தின் வேலை நாற்காலியில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பது. அதற்கு மாதச் சம்பளம். எமுருவா மேட்டில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. மாடு மேய்க்கத் துப்பில்லாதவன்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான், அதற்கும் ஒரு கம்பெனியா என்றார்கள். அப்படிக் கேட்டவர்களில் பாதிப்பேர் அடுத்த மாதமே அதே வேலைக்கு மனுப் போட்டார்கள் என்பது வேறு கதை.

அம்மியும் பறக்கும் என்று நாம் காற்றைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எமுருவாவில் அம்மி கிடையாது; இருந்தால் நிஜமாகவே பறந்திருக்கும். அங்கே மாடு மேய்த்துப் பிழைக்கும் மசாய் ஆண்கள் சிவப்புப் போர்வையை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டுவது அழகுக்காக அல்ல. ஒரு முடிச்சோடு கிளம்பியவன் அடுத்த குன்றில் போய்த்தான் போர்வையைப் பொறுக்க வேண்டும். அந்தக் காற்றை நம்பித்தான் கம்பெனி வந்தது. மேட்டின் முதுகில் நாற்பத்து நான்கு வெள்ளைக் கம்பங்களை நட்டது. ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று இறக்கைகள். ஓர் இறக்கையின் நீளத்துக்கு இருபத்தைந்து மாடுகளை மூக்கும் வாலுமாக நிறுத்தலாம்.

மேட்டுக்குக் கிழக்கே பாறைச் சரிவு. அதில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டியிருந்தன. உலகத்தில் அந்த இனம் அருகிவருகிறதாம். கம்பெனிக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டார், காற்றாலை கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு கழுகுகூட இறக்கையில் அடிபட்டுச் சாகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மனிதர்கள் விஷயத்தில் அப்படி ஒரு கண்டிப்பு இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. அதனால் மேட்டில் பன்னிரண்டு இடங்களில் நாற்காலி போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் ஆளை உட்கார வைத்தார்கள். கையில் பைனாகுலர், இடுப்பில் வாக்கி-டாக்கி. கழுகு காற்றாடிப் பக்கம் வந்தால் உடனே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். அங்கே இருப்பவன் பொத்தானை அழுத்துவான். இறக்கைகள் தங்கள் அச்சிலேயே திரும்பி, காற்றுக்கு முகம் காட்டுவதை விட்டு விலாவைக் காட்டும். நாற்பது எண்ணுவதற்குள் காற்றாடி நின்றுவிடும்.

ஆறாம் நம்பர் நாற்காலி பார்முவாத்துக்கு. கட்டுப்பாட்டு அறையில் மேற்பார்வையாளன் தும்பேஸ். இருவரும் ஒரே செட்டு. ஒரே ஆண்டு, ஒரே கத்தியில் விருத்தசேதனம் செய்துகொண்டவர்கள். மசாய்க்குக் கூடப் பிறந்தவனைவிடச் செட்டுக்காரன் பெரியவன். அவன் கேட்டு இல்லை என்று சொல்வது பாவம்.

பயிற்சி முடிந்து வந்த அன்று பார்முவாத் கற்றதையெல்லாம் மனைவி நாசியேகுவிடம் அவிழ்த்துவிட்டான். அவள் வீட்டுச் சுவருக்குச் சாணி பூசிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு ஒரே மகள், செலைனா. கஜியாடோவில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"காத்து தள்ளுது, இறக்கை சுத்துது. அது எனக்கே தெரியுது, செலைனா அப்பா. கரண்டு எங்கேர்ந்து வருது?"

"மேல ஒரு பெட்டி இருக்குல்ல, நம்ம வீட்டவிடப் பெருசா? இறக்கை மெதுவாத்தான் சுத்தும். பெட்டிக்குள்ள இருக்கிற பல்சக்கரம் அத வேகமாக்கிடும். இறக்கை ஒரு சுத்து வர்றதுக்குள்ள உள்ள இருக்கிற தண்டு நூறு சுத்து வந்துரும். அந்தத் தண்டுல காந்தம். சுத்தியும் செம்புக் கம்பிச் சுருள். சுருளுக்குள்ள காந்தம் சுத்துனா கம்பியில கரண்டு பொறக்குமாம்."

"யாரு சொன்னது?"

"தும்பேஸ்."

"அவனுக்குப் பால் மாட்டோட எந்தப் பக்கம் வருதுன்னே தெரியாது. சரி, பொறந்த கரண்டு எங்க போகுது?"

"கம்பத்துக்குள்ள எறங்கி, மண்ணுக்கடியில போயி, அங்கேர்ந்து பெரிய கம்பியில ஏறி நைரோபிக்கு."

"நம்ம வீட்டுக்கு?"

"அது பெரிய கரண்டு. நம்ம வீடு தாங்காது."

"கல்யாணம் ஆகி வந்த அன்னைக்கே பாத்தேன், இந்த வீடு ஒண்ணையும் தாங்காதுன்னு."

பார்முவாத் விடவில்லை. கழுகு ஏன் காற்றாடியில் மோதுகிறது என்றும் சொன்னான். அது கீழே செத்தது ஏதாவது கிடக்கிறதா என்று தலையைக் குனிந்தபடியே பறக்கும். குனிந்தால் எதிரே வருவது அதன் கண்ணுக்குத் தெரியாது.

நாசியேகு சாணிக் கையோடு திரும்பிப் பார்த்தாள். "அது கீழயே பாத்துச் சாகுது. நீ மேலயே பாத்துச் சாவ. நல்ல ஜோடிதான்."

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காற்றாடிகள் புகை கக்கவில்லை, எண்ணெய் கேட்கவில்லை. மழை பொய்த்து அணைகள் வற்றிய ஆண்டில் நைரோபியின் ஆஸ்பத்திரிகளில் விளக்கு எரிந்ததற்கு எமுருவாக் காற்றும் ஒரு காரணம். கம்பம் யார் நிலத்தில் விழுந்ததோ அவர்களுக்கு வாடகை வந்தது, தகர வீடு வந்தது. ஊருக்குள் ரோடு வந்தது. ஆனால் விளக்கடியில் இருட்டு என்பது பழமொழி அல்ல, எமுருவாவில் அது கண்ணெதிரே கண்ட நிலவரம். கம்பத்தின் காலடியில் இருந்த மருந்தகத்தில் குளிர்பெட்டி மண்ணெண்ணெயில் ஓடியது. பாதி நாள் ஓடவில்லை. காற்று குறைந்தால் காற்றாடி சும்மா நிற்கும், கூடினால் தானே பயந்து நின்றுகொள்ளும். வீசும்போது பிடித்து வைத்து வேறு நாளில் செலவழிக்கவும் முடியாது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொன்னவனுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். மாடுகளுக்கு மட்டும் ஒரு லாபம். மரம் அரிதான அந்த மேட்டில் கம்பத்தின் நிழல் நீளமாக ஒரு கோடு போல விழும். மாடுகள் அந்தக் கோட்டின்மேல் வரிசையாகப் படுத்து, வெயில் நகர நகர எழுந்து நகர்ந்து படுத்துக்கொள்ளும்.

போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் மூன்று மைல் நடந்து கடைக்குப் போக வேண்டும். நாசியேகுவின் போன் அவள் கையில் இருந்ததைவிடக் கடைக்காரன் அலமாரியில் இருந்த நாள்தான் அதிகம்.

"எங்கயாவது தனியா மாட்டிக்கிட்டா என்னடி பண்ணுவ?" என்று பார்முவாத் ஒருநாள் சத்தம் போட்டான்.

"நான் விழுந்து கெடந்தா கழுகு வரும். கழுகு வந்தா நீ காத்தாடிய நிறுத்துவ. காத்தாடி நின்னா நீ பாத்துட்டன்னு எனக்குத் தெரிஞ்சுபோகும். போன் எதுக்கு?"

இருவரும் சிரித்தார்கள். பார்முவாத் அதைச் செட்டுக்காரர்களிடம் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தான்.

வேலைக்குச் சேர்ந்த ஏழாவது மாதம் அவன் முதல் தவறு செய்தான். மசாயாகப் பிறந்தவன் செய்யாமல் இருக்க முடியாத தவறு அது. கழுகு இறங்குவதைக் கண்டால் அந்தத் திசையில் ஓடு: நடக்கக் கற்றவுடன் சொல்லித்தரப்படும் முதல் சட்டம் இது. செத்தது யார் வீட்டு மாடு என்று கேட்கக் கூடாது. சாகாமல் கிடக்கலாம்; மாடாக இல்லாமல் மனிதனாகவும் இருக்கலாம். பார்த்துவிட்டும் போகாதவனை ஊர் பெயர் சொல்லிக் கூப்பிடாது.

அன்று பத்துக் கழுகுகள் ஓடைப் பக்கம் இறங்கின. பார்முவாத் வாக்கி-டாக்கியில் சொன்னான், காற்றாடி நின்றது, அதோடு அவன் வேலை முடிந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. ஓடினான். சேற்றில் சிக்கிய யாருடைய கன்றையோ இழுத்து வெளியே போட்டான். திரும்பி வருவதற்குள், அவன் காக்க வேண்டிய வடக்குப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு கழுகை முப்பத்தொன்றாம் காற்றாடி இரண்டாக வெட்டிப் போட்டிருந்தது.

தும்பேஸ் அந்தக் கழுகின் ஓர் இறக்கையைத் தூக்கிக் காட்டினான். அது அவன் மார்பு உயரம் இருந்தது.

"இதுக்கு யாரு பதில் சொல்றது? லண்டன்லேர்ந்து போன் மேல போன். எதுக்குடா எழுந்து போன?"

"கன்னுக்குட்டி கெடந்துச்சு."

"யாரோட கன்னுக்குட்டி?"

"அது எதுக்கு?"

தும்பேஸுக்கும் அந்தச் சட்டம் தெரியும். ஆனாலும் எச்சரிக்கைக் காகிதத்தை நீட்டினான். "கூட்டாளி, கழுகு எதுக்கு எறங்குதுங்கிறது உன் வேலை இல்ல. கழுகு எங்க இருக்குங்கிறதுதான் உன் வேலை. செத்தத அள்ள வண்டி இருக்கு. இன்னொரு தடவ நாற்காலிய விட்டு எழுந்தா நானே நெனச்சாலும் உன்னக் காப்பாத்த முடியாது. கையெழுத்துப் போடு."

போட்டான். போடாமல் என்ன செய்வான்? மழை மூன்று பருவமாகப் பொய்த்திருந்தது. திடமான மாடுகளை அவன் தம்பி எல்லைப் பக்கம் புல் தேடி ஓட்டிப்போய்விட்டான். அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லாத ஒன்பது மாடுகள் மட்டும் பட்டியில் நின்றன. அந்த ஒன்பதும் தின்றது பார்முவாத்தின் சம்பளத்தில் வாங்கிய வைக்கோல்கட்டு. வேலை போனால் அந்த வாரமே ஒன்பதும் போகும். அவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரைதான் அவை நிற்கும் என்பது நாசியேகுவுக்கும் தெரியும்.

ஒன்பதில் ஒன்று நமெலோக். நாசியேகு கல்யாணமாகி வந்த அன்று, வழக்கப்படி பட்டி வாசலில் நின்று உள்ளே கால் வைக்க மறுத்தாள். மாமனார் ஒரு கிடாரியைக் காட்டி இது உனக்கு என்று சொன்ன பிறகுதான் வந்தாள். அந்தக் கிடாரியின் பேத்தி நமெலோக். புருஷன்கூட அதை விற்க முடியாது.

பஞ்சத்தில் இளைத்த மாடு படுத்தால் தானாக எழாது. எழாமல் அரைநாள் கிடந்தால் பிறகு எழவே எழாது. அதனால் எமுருவாவில் விடிந்தால் முதல் வேலை மாடு தூக்குவது. ஒருவர் கொம்பைப் பிடிக்க, ஒருவர் வயிற்றுக்கடியில் கழியைக் கொடுத்து நெம்ப, இரண்டு பேர் வாலைப் பிடித்து மேலே இழுப்பார்கள். நான்கு பேர் வேண்டும். தனி ஆளாகத் தூக்காதே என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் பக்கத்துப் பட்டி ஆட்கள் இருவரோடு சேர்ந்து நமெலோக்கைத் தூக்கி நிறுத்தினார்கள். அது முழங்கால் நடுங்க நின்றது. நாசியேகு அதன் நெற்றியில் துப்பி வாழ்த்தினாள். பார்முவாத் நின்றபடியே பால் கலக்காத தேநீரைக் குடித்தான். பால் நின்று நான்கு மாதமாகியிருந்தது.

"இன்னைக்கு எந்தப் பக்கம் ஓட்டுற?"

"மேக்கால, கெணத்துப் பக்கம். ரெண்டு வேலமரத்துல இன்னும் காய் இருக்காம்."

"இது அவ்வளவு தூரம் நடக்குமா?"

"உன்கூடக் கல்யாணம் பண்ணிக்கிட்டு நான் இவ்வளவு தூரம் நடக்கல? அது நடக்கும். நீ போய் வானத்தப் பாரு."

போன் எங்கே என்று கேட்டான். சார்ஜுக்குக் கொடுத்திருந்தாள். திட்டினான். அவள் சிரித்துக்கொண்டே மாடுகளை ஓட்டிப்போனாள். அவன் எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தான்.

பத்தே முக்காலுக்கு முதல் கழுகு வந்தது. தரை சூடேறி வெப்பம் மேலே கிளம்பும் நேரம் அது. கழுகு இறக்கையை அசைக்காமலே அதில் ஏறிவிடும். இருபத்தேழாம் காற்றாடிக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு, நாற்காலியிலிருந்து அதன் அடி தெரியாது. அதன்மேல் ஒரு வட்டம் போட்டது. பிறகு மூன்று, பிறகு ஒன்பது.

"ஆறாம் நம்பர் பேசுறேன். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு, மூணையும் நிறுத்து!"

மூன்று காற்றாடிகளும் விலாவைத் திருப்பி நின்றன. முப்பத்தெட்டு நொடி. அவன் கணக்கில் அதுதான் மிகக் குறைந்த நேரம். கழுகுகள் நின்ற இறக்கைகளுக்கு நடுவே ஆபத்தில்லாமல் நுழைந்து பள்ளத்துக்குள் இறங்கின. அவன் தன்னையறியாமல் எழுந்து நின்றிருந்தான்.

"கூட்டாளி, பள்ளத்துல ஏதோ விழுந்து கெடக்கு. போய் யாரோடதுன்னு பாத்துட்டு வந்துடறேன். கால் மணி நேரம்."

"உக்காரு."

"தும்பேஸ்..."

"உக்காருன்னேன். வண்டிய அனுப்புறேன். வடக்கால உன்னத் தவிர வேற கண்ணு இல்ல."

உட்கார்ந்தான். நாசியேகு மேற்கே போயிருக்கிறாள், இது கிழக்கு என்று மனதில் ஒருமுறை சொல்லிக்கொண்டான். பிறகு வைக்கோல்கட்டை நினைத்தான். அது அவனுக்கு உதவியது.

பிணம் அள்ளும் வண்டி அப்போது மேட்டின் மறுகோடியில், வேலமுள் குத்தி ஒரு சக்கரம் இறங்கி நின்றது. அந்த வண்டி இருப்பதே கழுகுகளுக்காக. செத்த மாடு கிடந்தால் கழுகு வரும், கழுகு வந்தால் காற்றாடி நிற்க வேண்டும். ஆகவே ஊரில் எது செத்தாலும் உடனே அள்ளிப்போய்ச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுவார்கள்.

பதினொன்றரைக்குப் பார்முவாத் ஒன்றைக் கவனித்தான். கழுகுகள் தின்னவில்லை. முப்பத்து நான்கு இருந்தன. பள்ளத்தின் விளிம்பிலும் அங்கிருந்த ஒற்றை மரத்திலும் உட்கார்ந்திருந்தன. அவ்வப்போது ஒன்று கீழே குதிக்கும், பதறி மேலே வரும். மாடு மேய்த்த எவனுக்கும் இதற்கு அர்த்தம் தெரியும்: கிடப்பதன் பக்கத்தில் உயிரோடு ஏதோ இருக்கிறது. பார்முவாத்துக்கும் தெரிந்தது. அவன் என்ன செய்தான் என்றால், குறிப்பேட்டை எடுத்து எழுதினான். ‘எண்ணிக்கை முப்பத்து நான்கு. அமர்ந்துள்ளன. உண்ணவில்லை.’

நாயாக இருக்கும் என்று நினைத்தான். யாரோ காவல் நிற்கிறார்கள், யாரோ ஏற்கெனவே போய்விட்டார்கள், அதுதான் என்று நினைத்தான். காற்று அவன் முதுகிலிருந்து பள்ளத்தைப் பார்த்து அடித்தது. அங்கே யார் கத்தினாலும் சத்தம் இந்தப் பக்கம் வராது.

பன்னிரண்டரைக்குத் தும்பேஸ் கூப்பிட்டான். "ஓட்டலாமா? நல்ல காத்து வீணாப் போகுது. நைரோபியில மதியம் கரண்டு பத்தலையாம், கேட்டுட்டே இருக்காங்க."

"கழுகு இருக்கு."

"இன்னுமா? என்னதான் பண்ணுதுங்க?"

"காத்துக்கிட்டு இருக்கு. வண்டி எங்க?"

"வருது, வருது. நீ சரியாத்தான் பாக்குற. அப்படியே இரு."

வண்டி ஒன்றே முக்காலுக்குப் பள்ளத்தை அடைந்தது. கழுகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. செத்த மாட்டின் சொந்தக்காரனைக் கண்டுபிடிக்கக் காது வெட்டைப் படிப்பது வண்டிக்காரர்களின் முதல் வேலை. வாக்கி-டாக்கியில் ஒருவன் படித்தான். பன்னிரண்டு நாற்காலிகளிலும் அது கேட்டது.

"கருப்புப் பசு. எடது காது நுனியில ரெண்டு வெட்டு. வலது காது நடுவுல ஒரு பிளவு. யாரோடதுப்பா இது?"

அது பார்முவாத்தின் வீட்டு வெட்டு. அவன் அப்பன் போட்ட வெட்டு.

"ஐயோ, அடியில ஆள் இருக்கு," என்றது அதே குரல். "பொம்பள. உயிரு இருக்கு, உயிரு இருக்கு!"

நாற்காலி கவிழ அவன் ஓடினான். இடுப்பில் வாக்கி-டாக்கி கத்திக்கொண்டே வந்தது. "ஆறாம் நம்பர்! கழுகு போயிடுச்சா? மூணையும் ஓட்டலாமா? ஆறாம் நம்பர்!" அவனுக்குப் பதிலாகப் பத்தாம் நம்பர்க்காரன், போயிடுச்சு என்று சொன்னான். பார்முவாத் பள்ளத்தின் விளிம்பை அடைந்தபோது தலைக்குமேல் இறக்கைகள் மறுபடி சுற்றத் தொடங்கியிருந்தன.

மேற்கே கிணறு வரை நமெலோக்கால் நடக்க முடியவில்லை. அதனால் நாசியேகு பக்கத்துப் பள்ளத்துக்கே மாடுகளைத் திருப்பியிருக்கிறாள். பள்ளத்தின் அடியில் நமெலோக் படுத்துவிட்டது. நான்கு பேர் வேண்டிய வேலைக்கு அவள் ஒருத்தி வாலைப் பிடித்தாள். பாதி எழுந்த மாடு பின்னால் சரிந்து, அவளைப் பாறையோடு சேர்த்து இடுப்புக்குக் கீழே அமுக்கிவிட்டது. மாடு மதியம்வரை உயிரோடு இருந்ததாம். கழுகு கண்ணைக் கொத்த வரும்போதெல்லாம் அவள் தன் கோலை வீசி விரட்டியிருக்கிறாள். தன் கண்ணுக்காக அல்ல, மாட்டின் கண்ணுக்காக.

வண்டியில் சுண்ணாம்பு மூட்டைகளைத் தள்ளிவிட்டு அவளைப் படுக்க வைத்தார்கள். பார்முவாத் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். மருந்தகத்தில் நர்ஸ் அவளைப் பார்த்தாள், காலியாக நின்ற குளிர்பெட்டியைப் பார்த்தாள், ரத்தம் ஏற்ற வேண்டும், இங்கே வைக்க வழியில்லை, கஜியாடோ ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்கள் என்றாள். ரோடு நன்றாக இருந்தது, கம்பெனி போட்ட சரளை ரோடு. இருந்தாலும் தூரம் தூரம்தான்.

பாதி வழியில் நாசியேகு கண் திறந்தாள். உதடு சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது.

"ரொம்பக் கத்துனேன்," என்றாள்.

"பேசாத. வந்துட்டோம்."

"காத்தாடி நின்னுச்சு. மூணும் ஒண்ணா நின்னுச்சு." அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "நீ பாத்துட்டன்னு தெரிஞ்சுபோச்சு. இந்தா வந்துடுவன்னு கத்துறத நிறுத்திட்டேன். மேல பள்ளத்தோரமா யாரோ ஆடு ஓட்டிக்கிட்டுப் போனாங்க... மணிச் சத்தம் கேட்டுச்சு. நீதான் வரப்போறியேன்னு நான் கூப்பிடல."

அவன் என்ன சொன்னான் என்பதை வண்டியோட்டி பிறகு பலரிடம் பலவிதமாகச் சொன்னான். தார் ரோடு வருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

நமெலோக்கை அன்று மாலையே ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார்கள். அது கம்பெனி விதி, தாமதம் கூடாது. நாசியேகுவைப் புதைக்க மூன்று நாள் ஆனது. செலைனா வர வேண்டும், தம்பி எல்லையிலிருந்து திரும்ப வேண்டும். புதைகுழிக்குத் தும்பேஸும் வந்தான். எல்லோரும் கலைந்த பிறகு செட்டுக்காரர்கள் இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"நான் எந்திரிச்சேன்," என்றான் பார்முவாத். "நீ உக்காருன்ன."

தும்பேஸின் கண் சிவந்திருந்தது. அழுதிருந்தான். ஆனாலும் அவன் சொன்னது இதுதான்: "போகாதேன்னுதான் சொன்னேன் கூட்டாளி. கட்டியா வச்சேன்?"

அவனை அடித்திருக்கலாம். பார்முவாத் அடிக்கவில்லை. அதே கேள்வியை மூன்று நாளாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தவன் யாரை அடிப்பது?

மாதக் கடைசிக் கூட்டத்தில் பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்து அறிக்கை படித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பெண்மணிக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவளுக்குச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. முப்பத்து நான்கு கழுகுகள், மூன்று மணி நேரம், ஒரு சாவுகூட இல்லை என்று குறிப்பேட்டைப் பார்த்துப் படித்தாள். ‘உண்ணவில்லை’ என்றுகூட இவர் கவனித்து எழுதியிருக்கிறார், மற்றவர்களும் இப்படி எழுதப் பழக வேண்டும் என்றாள். எழுந்து வந்து பார்முவாத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். புது பைனாகுலர் ஒன்று கொடுத்தாள். மற்ற பதினொரு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் வேலையை விடவில்லை. எட்டு மாடுகள் இருந்தன, செலைனா படித்துக்கொண்டிருந்தாள். அதே நாற்காலி, அதே பள்ளம். கழுகு வரும். அவன் சொல்வான். காற்றாடி நிற்கும். முன்பைவிட வேகமாகத்தான் சொன்னான்.

ஆனால் காற்றாடி நின்றவுடன் ஒன்று செய்தான். வாக்கி-டாக்கியை அணைப்பான். நாற்காலியின்மேல் ஏறி நிற்பான். இரண்டு கையையும் வாயருகே குவித்துப் பள்ளத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவான்.

"நான் வரல! காத்தாடி நின்னா நான் வரேன்னு அர்த்தம் இல்ல! யாரும் வரல! கத்துறத நிறுத்தாதீங்க!"

பக்கத்து நாற்காலிக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். இப்படிக் கத்துவதால் கழுகுகள் கலைகின்றன, கணக்குத் தப்பாகிறது என்று கம்பெனியிலிருந்து இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தும்பேஸ் அதைக் கொண்டுவந்து கொடுத்தான். பார்முவாத் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் பத்தரைக்கு இரண்டு கழுகுகள் வந்தன. இருபத்தேழாம் காற்றாடி நின்றது. பள்ளத்தில் அன்று மாடும் இல்லை, மனிதரும் இல்லை. அவன் நாற்காலியின்மேல் ஏறினான்.